கடற்பித்துக்கு ஒரு குரோமோசோம்

சார்லஸ் டாவன்போர்ட் ஹார்வர்டில் விலங்கியல் முனைவர் பட்டம் வாங்கியவர். கோழிக் கொண்டையும் கேனரிக் குருவியின் நிறமும் தலைமுறை தாண்டுவதை ஆராய்ந்துகொண்டிருந்த மனிதரை அப்படியே விட்டிருக்கலாம். கோழிகளுக்கும் ஆட்சேபணை இருந்திருக்காது. விதி, 1910இல் ரயில்வே அதிபர் ஹாரிமனின் மனைவி வடிவில் வந்தது. கணவர் விட்டுப்போன காசை அவர் தாராளமாக அள்ளிக்கொடுக்க, நியூயார்க்கின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் இனமேம்பாட்டுப் பதிவு அலுவலகம் முளைத்தது.

பயிற்சி பெற்ற இளம்பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். தாத்தா குடிப்பாரா? சித்தப்பா ஏன் வேலைக்குப் போவதில்லை? கல்யாணத் தரகர் கேட்கிற கேள்விகள்தான். தரகர் கமிஷனோடு போய்விடுவார். இவர்களோ பதிலை அட்டையில் எழுதி, அதற்கு மெண்டலின் பரம்பரை விதிக் கணக்கும் போட்டார்கள்.

கணக்கு எல்லாவற்றுக்கும் வந்தது. ஊர் சுற்றுவது பரம்பரைக் குணம் என்று 1915இல் ஒரு நூல். 1919இல் கடற்படை அதிகாரிகளைப் பற்றி இன்னொன்று. அதில்தான் ஐயா சிகரம் தொட்டார். இந்தக் குடும்பங்களில் அப்பன், பிள்ளை, மாமன் எல்லாரும் கடலுக்கே ஓடுகிறார்கள், பெண்கள் ஓடுவதில்லை. எனவே 'தலசோபிலியா' என்கிற கடற்பித்து பாலினக் குரோமோசோமில் ஒளிந்திருக்கிறது! பெண்களை அதிகாரியாக்க அன்றைய கடற்படை சம்மதிக்காது என்ற சின்ன விஷயம் அவரைத் தடுக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அலுவலகத்தின் கண்காணிப்பாளர் ஹாரி லாஃப்லின், அறிவுக்குறை, மனநோய், வலிப்பு உள்ளவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார். அவருக்கே வலிப்பு இருந்தது. அது வேறு கதை. வர்ஜீனியாவின் கேரி பக் என்ற ஏழைப் பெண்ணை நேரில் பார்க்காமலே, அவர் பரம்பரை அறிவுக்குறை உள்ளவர் என்று சான்று கொடுத்தார். 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் கருத்தடைக்குத் தலையாட்டியது. மூன்றாம் தலைமுறைக் குறைபாட்டுக்குச் சாட்சியாகக் காட்டப்பட்ட கேரியின் கைக்குழந்தை, பின்னாளில் பள்ளியில் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பிடித்தாள். அதற்குள் தாய்க்கு அறுவை முடிந்திருந்தது. நாடு முழுக்க அப்படி 60,000 பேருக்கும் மேல்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹண்டிங்டன் நோய் விஷயத்தில் டாவன்போர்ட் சொன்னது சரி: பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணு வந்தாலே போதும். அந்த மரபணு 1993இல் நான்காவது குரோமோசோமில் அகப்பட்டது. ஆனால் எல்லா நோயும் அவ்வளவு நாணயமாக ஒரே முகவரியில் குடியிருப்பதில்லை. ஸ்கிசோஃப்ரினியாவோடு தொடர்புடைய இடங்கள் மரபணுத் தொகுதியில் 287 என்றது 2022இல் வந்த ஓர் ஆய்வு. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. குணம், புத்தி என்று வந்தால் சிக்கல் இதைவிடக் குறையாது. வறுமை, வளர்ப்பு, பள்ளிக்கூடம் எதுவும் டாவன்போர்ட்டின் கணக்கில் ஏறவே இல்லை.

டாவன்போர்ட் 1944 குளிர்காலத்தில், கரை ஒதுங்கிய ஒரு கொலைத் திமிங்கலத்தின் தலையை உள்ளூர் அருங்காட்சியகத்துக்காகக் கொட்டகையில் வேகவைத்துக்கொண்டிருந்தார். நிமோனியா வந்து, பிப்ரவரியில் தமது 77ஆம் வயதில் இறந்தார்.