ஆளில்லாத அரண்மனை

பெய்ஜிங்கில் வேலை பார்க்கும் மகன் விமான டிக்கெட் எடுத்து அனுப்பியதும், என் மனைவி இரண்டு கிலோ பருப்புப்பொடி அரைத்தாள். நான் கேமரா வாங்கினேன். இரண்டில் எது அங்கே உபயோகப்பட்டது என்று தயவுசெய்து யாரும் அவளிடம் கேட்டுவிடாதீர்கள்.

பணி ஓய்வுப் பணத்தில் கேமரா வாங்குவது சட்டப்படி குற்றமில்லை. எங்கள் வீட்டுக்குத்தான் தனிச் சட்டம். "இந்தக் காசுக்கு ரெண்டு வளையல் வந்திருக்கும்" என்ற தீர்ப்பை வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

எனக்கு ஒரு லட்சியம் இருந்தது. ஒகாவா கஸுமாசா என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர், பெய்ஜிங்கில் 'தடைசெய்யப்பட்ட நகரம்' என்று பேர்பெற்ற அரண்மனையை 1901இல் படமெடுத்திருக்கிறார். அதற்கு முந்தைய வருடம் எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்குக்குள் நுழைந்ததில், அரச குடும்பம் சியான் நகரத்துக்கு ஓடிவிட்டது. காலி அரண்மனைக்குள், டோக்கியோவிலிருந்து வந்த கட்டடக்கலை ஆய்வாளர்களோடு அவர் நிதானமாக நடந்து நடந்து எடுத்த படங்கள் அவை. பெரிய முற்றம், வெள்ளைப் பளிங்குப் படிகள், மேலே மண்டபம். மனித வாடையே இல்லை. நானும் அதே மாதிரி ஒன்று, ஒன்றே ஒன்று, எடுத்து எங்கள் கூடத்தில் மாட்டுவது என்று முடிவு செய்திருந்தேன். அவருக்கு ஒரு யுத்தம் உதவியது, எனக்கு அப்படி யாரும் இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

"திங்கட்கிழமை போகலாம்டா, கூட்டமே இருக்காது" என்று மகனுக்கு யோசனை சொன்னேன்.

"ஆமாப்பா, ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. திங்கட்கிழமை லீவு" என்றான்.

செவ்வாய்க்கிழமைக்குப் பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பதிவு செய்தான். 1406இல் தொடங்கி 1420இல் கட்டி முடித்த அரண்மனை. மிங், சிங் இரண்டு வம்சத்திலும் சேர்த்து 24 பேரரசர்கள் ஆண்ட இடம். சாதாரண ஜனங்கள் உள்ளே வரக்கூடாது என்பதால்தான் 'தடைசெய்யப்பட்ட நகரம்' என்ற பெயரே. 1925 அக்டோபர் 10 அன்று அருங்காட்சியகமாக்கிக் கதவைத் திறந்துவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட, நான் போன செவ்வாய்க்கிழமையைத்தான் ஊரே தேர்ந்தெடுத்திருந்தது.

தெற்கே வூமென் வாசல். ஐந்து வழிகளில் நடு வழி பேரரசருக்கு மட்டும். அரசிக்குக்கூடக் கல்யாணத்தன்று ஒரே ஒரு தடவைதான் அனுமதி என்று மகன் சொன்னான். "அவளுக்காவது ஒரு தடவை" என்றாள் என் மனைவி. யாரைக் குறித்துச் சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை.

படமெடுக்கிறவனுக்கு இந்த அரண்மனை ஒரு சௌகரியம் செய்து வைத்திருக்கிறது. முக்கிய மண்டபங்கள் எல்லாம் தெற்கு பார்த்தவை. நாம் தெற்கே நுழைந்து வடக்கே நடக்கிறோம். அந்த ஊரில் உச்சிவேளைச் சூரியன் எப்போதும் தெற்குச் சாய்வில்தான். ஆக வெயில் நம் முதுகில், மண்டபத்தின் முகத்தில். சிவப்புச் சுவரும் மஞ்சள் ஓடும் சும்மா ஜொலிக்கும். இதை நான் மனைவிக்கு விஸ்தாரமாக விளக்கினேன். முதுகில் வெயில் அடித்தால் நிழல் முன்னால் விழும் என்ற ஐந்தாம் வகுப்புப் பாடம் மட்டும் விளக்கத்தில் விட்டுப்போயிற்று.

தைஹ மண்டபத்தின் முன்னால் வந்து நின்றதும் எனக்கு வாயடைத்தது உண்மை. மூன்றடுக்குப் பளிங்கு மேடையோடு சேர்த்து 35 மீட்டர் உயரம். ஒரு மரம்கூட இல்லாத முற்றம். வைடு ஆங்கிள் லென்ஸை மாட்டி, முழுக் கூரையும் வர வேண்டுமே என்று கேமராவை அண்ணாந்து பிடித்தேன். படத்தில் மண்டபம், விருந்து சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்த சம்பந்தி மாதிரி பின்னால் சரிந்திருந்தது. இந்த லென்ஸில் கட்டடத்தை எடுத்தால் கேமராவை மட்டமாகப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நேர்க்கோடுகள் எல்லாம் மேலே போய்க் கூடிக்கொள்ளும். சரி என்று மட்டமாகப் பிடித்தேன். கூரை போயிற்று. தரைதான் வந்தது; தரை முழுக்கத் தொப்பிகள்.

சரியான படத்துக்கு நட்டநடு அச்சில் நிற்க வேண்டும். அங்கேதான் எல்லாரும் நிற்கிறார்கள். சிங் காலத்து உடையை வாடகைக்கு எடுத்து உடுத்திய பெண்கள், ஆளுக்கொரு புகைப்படக்காரரோடு. கொடி பிடித்த வழிகாட்டி, அவர் பின்னால் ஒரே நிறத் தொப்பியில் நாற்பது பேர். ஒரு கொடி நகர்ந்தால் அடுத்த கொடி. முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். ஒரு கணம், சத்தியமாக ஒரு கணம், முற்றம் காலியானது. அழுத்தினேன். நடுவில் என் மனைவி நின்று கையசைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆளே இல்லாம எடுத்தா அதுக்கு காலண்டர் வாங்கினா போதாதா?" என்றாள்.

மண்டபத்துக்குள் விடுவதில்லை. வாசலோடு நின்று இருட்டுக்குள் சிம்மாசனத்தை எட்டிப் பார்க்க வேண்டும். நானும் நெரிசலில் புகுந்து, கையை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். சிம்மாசனம் வரவில்லை. ஆறு கைகளும் ஆறு செல்போன்களும் வந்தன. அந்த ஆறு செல்போன்களிலும் சிம்மாசனம் தெளிவாகத் தெரிந்தது.

மேலே கூரை முனையில் வரிசையாகச் சிறு உருவங்கள். முதலில் பறவைமேல் சவாரி செய்யும் ஒருவர், அவர் பின்னால் விலங்குகள். கட்டடத்தின் மதிப்பைப் பொறுத்து எண்ணிக்கை ஏறும். பத்து விலங்கு உள்ளது இந்த ஒரு மண்டபத்தில்தான். ஜூம் செய்து எடுத்து, திரையில் எண்ணினேன். சவாரிக்காரரோடு பன்னிரண்டு வந்தது. சீன வரலாற்றையே திருத்தப் போகிறோம் என்று உள்ளம் பொங்கிய நேரத்தில் பன்னிரண்டாவது பறந்துபோயிற்று. காகம். சிங் வம்சத்து மஞ்சூக்களுக்குக் காகம் புனிதமாம், அரண்மனைக்குள்ளேயே அதற்குத் தீனி வைப்பார்களாம். "நம்மள மாதிரியே" என்று என் மனைவிக்கு அந்த வம்சத்தின்மேல் முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது.

ஆனால் அவள் மனம் பறிகொடுத்தது வேறு இடத்தில். அண்டாக்கள்! அரண்மனை முழுக்க இப்படி 308. முழுக்க மரக் கட்டடம் அல்லவா, கட்டி முடித்த மறு வருடமே, 1421இல், இடி விழுந்து மூன்று பெரிய மண்டபங்களும் எரிந்துபோயின. அதனால் ஆள் முங்கும் அண்டாக்களில் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். குளிர்காலத்தில் தண்ணீர் உறையாமல் இருக்க அடியில் கரி மூட்டுவதும் உண்டு. சிலவற்றுக்குத் தங்க முலாம். முலாமெல்லாம் கீறல். 1900இல் புகுந்த வெளிநாட்டுச் சிப்பாய்கள் சுரண்டியது என்கிறார்கள். என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "கம்பி நார் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. புளி போட்டிருக்கணும்" என்றாள். அவள் சொன்னதற்காக அண்டாவை நாலு பக்கமும் எடுத்தேன்.

பாவ்ஹ மண்டபத்தின் பின்னால் டிராகன் செதுக்கிய ஒற்றைக் கல். 200 டன்னுக்கு மேல். குளிர்காலத்தில் பனிக்கட்டிப் பாதையில் இழுத்து வந்தார்களாம். அதைப் பார்த்துக்கொண்டே கேமராப் பையைக் கழற்றி மகன் தோளில் மாட்டினேன்.

வடக்கு வாசல் வழியாக வெளியே வந்தால் எதிரே ஜிங்ஷான் குன்று. அகழி வெட்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியது. மேலிருந்து பார்த்தால் மொத்த அரண்மனையும் காலடியில். என் முழங்கால்கள் எதிர்த்து வாதாடியும் ஏறிவிட்டேன். மாலை வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து ஓடுகள்மேல் விழுந்திருந்தது. மஞ்சள் அலை அலையாய்க் கூரைகள். அந்த உயரத்திலிருந்து ஒரு மனிதத் தலைகூடத் தெரியவில்லை. ஒகாவாவின் அரண்மனை! அழுத்தினேன். கேமரா மறுத்தது. கார்டு நிரம்பிவிட்டதாம்.

ஒரு தடவை அழுத்தினால் பத்துப் படம் எடுக்கும்படி காலையிலேயே எதையோ திருகி வைத்திருக்கிறேன்.

சரி, அழிக்கலாம் என்று படியில் உட்கார்ந்தோம்.

"இது வேண்டாமே?"

"அதுல நான் இருக்கேன்."

"கண்ணை மூடியிருக்கியே?"

"நீங்க ரெடி சொல்லாம எடுத்தா?"

"அப்ப இந்த அண்டா?"

"அண்டால கை வெச்சீங்கன்னா..."

பத்து அண்டாவில் ஒன்பதை அழிக்கச் சம்மதம் வாங்கி நிமிர்ந்தபோது, கூரைகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. மகன் பக்கத்தில் பருப்புப்பொடி சாத டப்பாவை மூடிக்கொண்டிருந்தான்.

ஊருக்கு வந்ததும் அக்கா வீட்டு டிவியில் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். அண்டாவுக்கு ஏகோபித்த வரவேற்பு. கடைசியில் அக்கா, "எல்லாம் சரி, நீ போகவே இல்லையாடா? ஒண்ணுலயும் காணோமே" என்றாள்.

எழுந்துபோய்த் திரையின் கீழ்விளிம்பைத் தொட்டுக் காட்டினேன். ஒவ்வொரு படத்திலும், தரையில், தொப்பியோடு உருண்டையாக ஒரு கறுப்பு நிழல்.

"இதா?" அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிட்டே வந்தாள். "நான் இதையும் ஒரு அண்டான்னுல்ல நெனச்சேன்."