ஐ.ஐ.எம். சேர்க்கை வாய்ப்பை இடுக்குப் பிள்ளையார் வழியே கணித்தல்: ஒரு முன்னாய்வு

ஐ.ஐ.எம்.மில் இடம் கிடைக்குமா என்பதை அறியத் திருவண்ணாமலையில் வழங்கும் முறைகள் மூன்று: ஜாதக வழி, மதிப்பெண் வழி, இடுக்கு வழி.

ஜாதக வழியில் பார்ப்பவருக்கு வருமானம் உறுதி. அதற்குமேல் சொல்ல ஏதுமில்லை.

மதிப்பெண் வழி சற்றுக் குழப்பமானது. ஐ.ஐ.எம். நுழைவுக்கான 'கேட்' தேர்வில் 99 பெர்சன்டைல் வாங்கிய பிள்ளையைத் தெருவே கொண்டாடும். 2023இல் சுமார் 2.88 லட்சம் பேர் எழுதினார்கள். 99 என்றால் முன்னால் இன்னும் 2,800க்கு மேற்பட்ட தலைகள் என்பதைச் சொல்லி இனிப்பைக் கெடுக்க எவருக்கும் மனம் வருவதில்லை. போதாக்குறைக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் தோண்டுவார்கள். அன்று சமூக அறிவியலில் கோட்டைவிட்டவனை அகமதாபாத் இன்று பிடிக்கிறது.

அதே 2023 நவம்பர் 26, கார்த்திகை தீபம். தேர்வும் அன்றே. மூன்றாம் அமர்வு மாலை 4.30க்குத் தொடக்கம், பிரிவுக்கு 40 நிமிடம், ஆக 6 மணிக்கு மலையுச்சியில் தீபம் ஏறியபோது தேர்வர் மூன்றாவதான கணக்குப் பிரிவில் பத்தாவது நிமிடத்தில் இருந்தார். அந்நேரம் மனத்துக்குள் அரோகரா போட்டவர்க்குத் தவறான விடைக்கான ஒரு மதிப்பெண் கழிவு பொருந்துமா? பொருந்தாது என்மனார் டீக்கடைப் புலவர் (தேரடித் தெரு உரை, மூன்றாம் பெஞ்சு). பொருந்தும் என்பது எதிர்ப்பெஞ்சு (அதற்கு மறுப்பு: மேற்படி உரை, பஜ்ஜி மடித்த தாள், எண்ணெய் படாத ஓரம், மறுப்புக்கு மறுப்பு எண்ணெயில் மறைந்தது).

இனி இடுக்கு வழி. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் குபேர லிங்கம் தாண்டியபின்தான் இடுக்குப் பிள்ளையார் வருகிறார். கட்டணம் முதலில், சேர்க்கை பின்னர் என்ற விதியைக் கல்வி நிறுவனங்களுக்கு முன்பே கண்டவர் அவர். அவர் கோயிலின் குறுகிய இடுக்குக்குள் நிமிர்ந்து போக முடியாது. ஒருக்களித்துப் படுத்து ஊர வேண்டும். நேர்முகத் தேர்வில் "ஏன் எம்.பி.ஏ.?" என்ற கேள்விக்கு விடை சொல்லும் நிலையும் இதுவே. பருத்தவர்கள் சிரமமில்லாமல் வெளிவர, ஒல்லியானவர் தோள்பட்டையில் சிக்கி, பின்னால் வருபவர் உள்ளங்காலைத் தள்ளும் காட்சி அங்கே சகஜம். பயிற்சி மையம் என்பது அந்தத் தள்ளும் கைதான். பொறியாளர்கள் கூட்டமாக நுழைந்து வாசலை அடைத்துக்கொள்வதால்தான் சில ஐ.ஐ.எம்.கள் மற்றத் துறையினருக்குக் கூடுதல் புள்ளி தருகின்றன என்பது எம் துணிபு (ஆதாரம்: செருப்புக் காவலர் வாய்மொழி, பௌர்ணமிப் பதிப்பு, மழையால் திருத்தப்பட்டது, வெளியிடப்படாதது, வெளியிட அவர் கேட்ட தொகை எம்மிடம் இல்லை).

இம்முடிவை முனைவர் ஒருவர் மறுக்கிறார். கிரிவலத்தை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். மலையை ஆட்டோவில் சுற்றியவர். இடுக்குக்குள் நுழைந்ததுண்டா என்று கேட்டேன். வயிறு இடம் தராது என்றார். அவருடைய ஆய்வேட்டில் இடுக்குக்கு மட்டும் 40 பக்கம்.