கடவுச்சீட்டின் ஈற்றுக் குறுக்கம்

கடவுச்சீட்டு என்ற சொல் வன்தொடர்க் குற்றியலுகரம். ஈற்றில் நிற்கும் உகரம் தனக்குரிய ஒரு மாத்திரையில் பாதியை இழந்து அரை மாத்திரையாக ஒலிக்கிறது. பள்ளிக்கூடத்தோடு மறந்துவிடலாம் என்று எல்லாரும் நினைக்கும் இந்தச் செய்தியை மறந்தவர்களே விமான நிலையத்திலிருந்து வீடு திரும்புகிறார்கள் என்பது இக்கட்டுரையின் துணிபு. இந்திய அரசு பெரியவர்களுக்குத் தரும் பாஸ்போர்ட்டின் ஆயுள் 10 ஆண்டு. ஆனால் சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை, வருகிறவரின் பாஸ்போர்ட்டில் 6 மாதமாவது மிச்சம் இருந்தாக வேண்டும் என்கின்றன. ஆக, பத்தாவது ஆண்டின் 12 மாதங்களில் ஆறுதான் அங்கே செல்லுபடியாகும். ஒன்று அரையாகிறது, அதுவும் ஈற்றில்தான் ஆகிறது. இலக்கணத்துக்கு இவ்வளவு கீழ்ப்படிந்து நடக்கும் அரசு ஆவணம், ரேஷன் கார்டு உட்பட, வேறெதுவும் இல்லை.

இந்தக் குறுக்கம் எழுத்தின் குற்றமன்று என்பதைக் கவனிக்க வேண்டும். ‘படு’ என்பதில் முழு மாத்திரை பெறும் அதே டு, ‘பட்டு’ என்பதில் அரை மாத்திரையாகிவிடுகிறது. முன்னால் நிற்பவர் யார் என்பதே கேள்வி. அதுபோல ஜகார்த்தாவில் குறுகும் பாஸ்போர்ட் லண்டனில் குறுகுவதில்லை. தங்கும் காலம் முழுக்க உயிரோடிருந்தால் பிரிட்டனுக்குப் போதும். ஷெங்கன் நாடுகள், அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பிறகு 3 மாதம் கேட்கின்றன. அமெரிக்காவோ, 6 மாத விதியைத் தள்ளுபடி செய்யும் நாடுகளின் பட்டியலில் இந்தியாவைச் சேர்த்திருக்கிறது. இதைப் பெருந்தன்மை என்று எண்ணி ஏமாறலாகாது. விசா என்ற சொல் நெடிலில் முடிவது, இரண்டு மாத்திரை. 10 ஆண்டு விசா கிடைத்த மகிழ்ச்சியில், மகளின் பேறுகாலத்துக்குப் புறப்படும் அம்மா அந்த நெடிலை நம்பித்தான் விமானம் ஏறுகிறார். ஆனால் எத்தனை நாள் தங்கலாம் என்பதை விசா சொல்வதில்லை. இறங்கிய இடத்தில் அதிகாரி போடும் ஐ-94 பதிவு சொல்கிறது. வழக்கமாக அது 6 மாதம். வேலைக்குப் போகும் எச்-1பி காரர்களுக்கு 3 ஆண்டு ஒப்புதல் கையில் இருந்தும், பாஸ்போர்ட் முடியும் நாளோடு ஐ-94 முடிக்கப்படுவது உண்டு. கனடாவின் சூப்பர் விசா 2022 ஜூலை முதல் பெற்றோரை ஒரே வருகையில் 5 ஆண்டு வரை தங்க விடுகிறது. அந்த விசாவும் பாஸ்போர்ட்டின் ஆயுளைத் தாண்டி நீளாது.

அச்சிட்ட தேதிதானே சட்டம் என்று சிலர் வாதிடுவர். அச்சிட்டது அனுப்புகிற வீட்டின் சொல். கதவைத் திறப்பது மற்றொரு வீடு. போன இடத்தில் நோயில் படுத்தால், விமானம் ரத்தானால், திருப்பி அனுப்ப நேர்ந்தால் கையில் உயிருள்ள பாஸ்போர்ட் வேண்டாமா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். வேண்டும்தான். ஆனால் மூன்று நாள் சுற்றுலாவுக்கு வந்தவர் 6 மாதம் நோயில் படுப்பார் என்று ஒரு நாடு அஞ்ச, இன்னொரு நாடு 3 மாதத்தோடும் மற்றொன்று அதுகூட இல்லாமலும் நிம்மதியாகத் தூங்குகிறதே. காரணம் மெய், எண்ணிக்கை மட்டும் அவரவர் மனப்போக்கு.

அப்படியானால் முன்கூட்டியே புதுப்பித்துக்கொண்டால் தீர்ந்தது என்பார் விவரமானவர். முடிவதற்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்கலாம், உண்மைதான். ஆனால் பழையதில் மீதமிருக்கும் மாதங்கள் புதியதில் சேராது. புதிய பத்தாண்டு, வழங்கிய நாளிலிருந்தே தொடங்குகிறது. அசட்டையாக இருந்தவர் 6 மாதம் இழக்க, பொறுப்பானவர் 12 மாதம் இழக்கிறார். பிரிட்டன் ஒரு காலத்தில் மிச்ச மாதங்களை, 9 வரை, புதியதோடு சேர்த்துக் கொடுத்தது. இதை அளபெடை எனலாம். 2018 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குமுன் வாங்கியவர்கள் பின்னர் ஐரோப்பாவில் மாட்டிக்கொண்டார்கள்: பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஷெங்கன் விதி, ஆயுள் இருந்தும் அளபெடை அங்கே செல்லவில்லை. புதுப்பித்த பிறகு இன்னொரு வேடிக்கை. மூலை வெட்டி ரத்து முத்திரை குத்திய பழைய பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா உயிரோடிருந்தால், பழையது, புதியது இரண்டையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். பிரித்தால் பொருள் தராத இதுவே இரட்டைக்கிளவி.

சூத்திரங்கள் இப்படி நாட்டுக்கு நாடு மாறுவதால் உரையாசிரியர் ஒருவர் தேவைப்படுகிறார். அவர் செக்-இன் கவுன்டரில் அமர்ந்திருக்கிறார். தகுதியில்லாத ஆவணத்தோடு ஆளை ஏற்றிச் சென்றால் அபராதம் விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால், டிமாட்டிக் என்ற தரவுத் தொகுப்பைப் பார்த்து அவர் சொல்லும் உரையே முடிந்த முடிபு. அங்கே நின்று நன்னூல் பேசிப் பயனில்லை. வருமொழி உயிரில் தொடங்கினால் குற்றியலுகரம் அரை மாத்திரையாகவும் நிற்காது, ஓடியே போகும்: கடவுச்சீட்டு, இல்லை; கடவுச்சீட்டில்லை. எனவே, டிக்கெட் போட உட்காரும் அன்பர் முதலில் பீரோவைத் திறந்து, நகைப்பெட்டிக்கு அடியில் கிடக்கும் பாஸ்போர்ட்டை எடுத்து, திரும்பி வரும் தேதியோடு 6 மாதத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு உட்காரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்.