ஒரு கூறு எத்தனை கிராம்?

மகள் ஐந்தாம் ஆண்டு. அதாவது எங்கள் வீடே ஐந்தாம் ஆண்டு. புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை தொலைக்காட்சிக்குத் துணி போர்த்தியாயிற்று. மாதிரி வினாத்தாள் செய்து செய்து அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது: சந்தைக்குக் கூட்டிப்போய்க் கணக்குப் படிப்பிப்பது. மனைவியிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் சாமான் சிட்டையை நீட்டினா.

கல்லடிப் பாலத்திலேயே பாடம் தொடங்கியது. பழைய பாலம் திறந்தது 1924, புதியது 2013. இடையில் எத்தனை வருசம்?

"எண்பத்தொன்பது. அவ்வளவு காலமும் புதுப் பாலம் ஏன் கட்டல்ல அப்பா?"

கேள்வி கேட்பது என் வேலை என்றல்லவா நினைத்திருந்தேன்.

கடையில் பருப்பு ஒரு கிலோ, 400 கிராம் பால்மா என்று கணக்கு ஒழுங்காகத்தான் போனது. காசு கொடுக்கும்போது இடறியது. ஆயிரம் ரூபாய்த் தாளில் கிளி இருக்கிறதாம், தரமாட்டாளாம். ஆந்தை போட்ட இருபது ரூபாய்த் தாளென்றால் கொடுக்கலாமாம். "ஐம்பது ஆந்தைக்கு ஒரு கிளி" என்று நான் விளக்க, பின்னால் நின்ற வரிசை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியாக மீன். நனைந்த சாக்கில் வாவி மணலை மீனும் இறாலும் சின்னச் சின்னக் குவியலாக இருந்தன.

"ஒரு கூறு எத்தனை கிராம் ஆச்சி?"

"கூறு எண்டா கூறுதான் புள்ள."

"அந்தக் கூறு பெரிசா இருக்கே?"

"அதில தலை கூட."

என் பாடத்திட்டம் அந்தச் சாக்கிலேயே படுத்துவிட்டது. மானத்தைக் காப்பாற்ற நான் பேரத்தில் இறங்கினேன். ஐந்து நிமிடம் பேசியும் ஐந்து ரூபாய் குறையவில்லை. மற்றப் பக்கம் மகளும் ஆச்சியும் ஏதோ குசுகுசுத்தார்கள். போகும்போது ஆச்சி ஒரு கை இறாலை அள்ளி எங்கள் பைக்குள் போட்டா.

"என்னடி சொன்னாய்?"

"ஒண்டும் சொல்லல்ல. நீங்க விலை கேட்டீங்க. நான் அவங்கட பேத்தி எத்தனையாம் ஆண்டு எண்டு கேட்டன். அவளும் ஸ்கொலஷிப்தானாம்."

அடுத்த சனிக்கிழமை மனைவி காசுப்பையை மகளிடம் கொடுத்தா. எனக்குச் சாமான் தூக்கும் பை கிடைத்தது.