சாமி இல்லாத மலை

"மேல என்ன சாமி?" என்று கேட்டார் அம்மா. கும்பகோணத்திலிருந்து வீடியோ கால். நான் நியூசிலாந்தில், மவுண்ட் குக் அடிவாரத்தில், ஏழு மீட்டர் நீள வண்டிக்குள் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன்.

"சாமியெல்லாம் இல்லம்மா. ஒரு ஏரி இருக்கு. ஐஸ் மிதக்குமாம். பாத்துட்டு வரணும்."

"எவ்வளவு தூரம்?"

"போக வர பத்து கிலோமீட்டர்."

அம்மா பேசவில்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன். நெட்வொர்க் நன்றாகவே இருந்தது.

இது 2019 ஜனவரியில். வங்கியிலிருந்து ஓய்வுபெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆக்லாந்தில் இருக்கும் மகள்தான் யோசனை சொன்னாள்: "ஊருக்கு ஊர் ஹோட்டல் மாத்தி பெட்டி தூக்கிட்டு அலையாதீங்கப்பா. மோட்டார்ஹோம் எடுங்க. வீடே கூட வரும்." அவள் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. வீடே கூட வந்தது. கேஸ் தீர்ந்துவிடுமோ என்ற கவலை வந்தது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது வந்தது. "பாலை ஏன் வெளிய வெச்சீங்க?" என்ற கேள்வி, பதினோராயிரம் கிலோமீட்டர் தாண்டி, ஒரு சுருதி குறையாமல் வந்தது.

நாட்டுக்குள் நுழையும்போதே நல்ல சகுனம்தான். மலையில் நடந்த ஷூ இருந்தால் படிவத்தில் எழுதவேண்டும்; ஒட்டியிருக்கும் மண்ணோடு விதையும் நோயும் வந்துவிடும் என்ற பயம். மறைத்தால் 400 டாலர் அபராதம். டீச்சர் எல்லாவற்றையும் எழுதினாள். டீச்சர் என்பது என் மனைவி. முப்பது வருடம் பள்ளியில் பூகோளம் எடுத்தவள். வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, ஊறுகாய், இரண்டு ஜோடி ஷூ என்று வகுப்பு வருகைப் பதிவேடு மாதிரி வரிசையாக எழுதியிருந்தாள். அதிகாரி பொடிகளை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஷூக்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், பத்து நிமிடத்தில் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அறுபது வருடமாக நான் வரி கட்டும் எந்த அரசாங்கமும் எனக்குச் செய்யாத உபசாரம் அது. (அறுபது வருடம் வரி கட்டவில்லை என்று டீச்சர் திருத்துகிறாள். சரி, முப்பத்தைந்து.)

கிறைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுத்தோம். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு, ஆகையால் முன்னால் போவதில் தொல்லையில்லை. பின்னால் போவதில்தான் எல்லாம். டேகப்போ ஏரிக்கரை முகாமில் முதல் மாலை வண்டியை அதன் இடத்தில் சொருகவேண்டும். டீச்சர் இறங்கிப் பின்னால் போய் நின்றாள்.

"ரைட்... ரைட்... ரைட்..."

நான் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன்.

"ஏங்க! ரைட்டுன்னா வாங்கன்னு அர்த்தம். திருப்பச் சொன்னேனா?"

தப்பு என்னுடையதுதான். டவுன் பஸ்ஸில் தொங்கி வளர்ந்த எவனுக்கும் ரைட் என்றால் கிளம்பு என்றுதான் பொருள். ஆனால் அடுத்த ரைட்டுக்கு நான் நேராக வர, அது நிஜமாகவே வலப்பக்க ரைட்டாக இருந்தது. பக்கத்து இடத்தில் சாய்வு நாற்காலி போட்டிருந்த ஜெர்மன் தம்பதி, ஒரு வார்த்தை பேசாமல், நாற்காலியும் கையுமாக எழுந்து தள்ளி நின்றார்கள். அன்றிரவு பேச்சுவார்த்தை நடந்தது. இனி ரைட்டும் இல்லை, லெஃப்டும் இல்லை, சோத்துக்கை, நொட்டாங்கை. (பீச்சாங்கை என்று பொதுவிடத்தில் கத்த டீச்சர் மறுத்துவிட்டாள்.) அதன்பிறகு தென்தீவின் முகாம்களில் தினமும் மாலை, "சோத்துக்கைப் பக்கம்! இன்னும் சோத்துக்கை!" என்ற குரல் ஏரித் தண்ணீரில் பட்டு எதிரொலித்தது. வண்டியில் ஒரு கீறல் விழவில்லை.

சமையல் வேறு விதமாகப் பழிவாங்கியது. முதல் நாள் எண்ணெயில் கடுகு வெடித்ததும், தலைக்கு மேலிருந்த புகை அலாரம் வீறிட்டது. டீச்சர் துண்டை விசிறினாள். நான் கதவைத் திறந்தேன். மலைக்காற்று உள்ளே வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனது, அலாரத்தை அணைக்கவில்லை. கடுகுக்கே இந்தப் பாடென்றால் மிளகாய் வற்றலுக்குத் தீயணைப்பு வண்டியே வந்துவிடும் என்று, தாளிப்பைக் கைவிட்டோம். தயிர்சாதம், ஊறுகாய், வேகவைத்த உருளைக்கிழங்கு.

"இந்த நாட்டுக்கும் நமக்கும் பழைய சொந்தமே உருளைக்கிழங்குலதான்" என்றாள் டீச்சர். அவள் சொன்ன கதை உண்மையானது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, வடக்கே ஃபங்காரே பக்கம், மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு அவிப்பதைப் பார்த்திருக்கிறார். பாத்திரம் என்று அவர்கள் வைத்திருந்தது உடைந்த மணி ஒன்றின் மேல்பாகம். சுற்றிலும் பழைய தமிழ் எழுத்து. முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று படித்திருக்கிறார்கள். அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது இன்றுவரை புதிர். இப்போது வெல்லிங்டனில் டெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரொம்பச் சின்னதுதான்.

"நம்ம வண்டி அடுப்புக்கு அளவா இருந்திருக்கும்" என்றாள்.

அடுத்து, எழுதக் கூசும் ஒரு விஷயம். மோட்டார்ஹோம் கழிப்பறைக்கு அடியில் கேசட் என்று ஒரு பெட்டி இருக்கிறது. கொள்ளளவு இருபது லிட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அதற்குச் சக்கரமும் கைப்பிடியும் உண்டு. விமான நிலையத்தில் டிராலி பெட்டி இழுப்பதுபோல் காலையில் இழுத்துக்கொண்டு போய், முகாமின் மூலையிலுள்ள தொட்டியில் கவிழ்த்து, கழுவி, நீல மருந்து ஊற்றி, மறுபடி சொருகவேண்டும். மூன்று கோடி ரூபாய்க் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட கை. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு ஜெர்மானியர், பின்னால் ஒரு சீனர், அவருக்குப் பின்னால் ஓர் ஆஸ்திரேலியர். நான் பார்த்தவரை ஒரு பெண்கூட அந்த வரிசையில் நிற்கவில்லை. யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. ஆனால் ஒருவருக்கொருவர் குழாயைப் பிடித்துக் கொடுப்பதில் அப்படி ஒரு மரியாதை. ஐக்கிய நாடுகள் சபையை அங்கே மாற்றிவிடலாம்.

ஐஸ் மிதக்கும் ஏரிக்கு வருகிறேன். ஹூக்கர் பள்ளத்தாக்குப் பாதை கிட்டத்தட்ட சமதரை. மூன்று தொங்கு பாலங்கள். போய்வர மூன்று மணி நேரம் என்று பலகை. எதிரே 3,724 மீட்டர் மவுண்ட் குக். எவரெஸ்டுக்குப் போவதற்கு முன் எட்மண்ட் ஹிலாரி பழகியது இந்த மலைகளில்தான். 1948-இல் இதன் தெற்கு முகட்டில் முதலில் ஏறிய குழுவில் அவரும் ஒருவர். நாங்கள் பழகியது சதுரகிரியில். அங்கே இறங்கி வருகிறவர்களைக் கேட்டால், "இன்னும் பத்து நிமிஷந்தான்" என்பார்கள். அந்தப் பொய்யை நம்பியே ஏறிவிடலாம். இங்கே ஒருவரைக் கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்து, எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்து, "ஒன்றே கால் மணி நேரம்" என்றார். அந்த இடத்திலேயே என் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது.

டீச்சருக்கு வலி இல்லை. யு வடிவப் பள்ளத்தாக்கை முப்பது வருடம் சாக்பீஸில் வரைந்தவள், இப்போது அதற்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள். "இது பனியாறு தள்ளிட்டு வந்த கல்மேடு. மேல பாருங்க, எவ்வளவு உயரத்துல கோடு இருக்குன்னு. அதுவரைக்கும் ஐஸ் நின்னுது." நின்று நின்று பாடம் நடந்ததால் ஐந்து மணி நேரம் ஆனது.

ஏரி நீலமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அரிசி கழுவிய தண்ணீர் நிறம். பனியாறு பாறையை மாவாக அரைத்துக் கலக்கிவிடுகிறது என்றாள். கரை ஒதுங்கிய ஐஸ் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தாள். கண்ணாடி போல இருந்தது, உள்ளே குண்டூசித் தலை அளவில் காற்றுக் குமிழிகள். பாடம் நின்றது. கை சிவக்கும்வரை வைத்திருந்தவள், தயிர்சாதம் காலியான டிபன் பாக்ஸில் அதைப் போட்டு மூடினாள். கல்லையும் செடியையும் எடுக்கக் கூடாதென்று தெரியும். ஐஸைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது அவள் வாதம். "வீடே கூட வந்திருக்கு. ஃப்ரீசர் எதுக்கு இருக்கு?"

வானகாவும் டி அனாவும் அழகான ஊர்கள். எல்லோருடைய புகைப்படத்திலும் அப்படியே இருக்கும், விட்டுவிடுகிறேன். மில்ஃபோர்ட் சவுண்ட் போகும் வழியில் ஹோமர் சுரங்கம், 1.2 கிலோமீட்டர், ஒருவழி சிக்னல். காத்திருந்தபோது கியா என்ற மலைக்கிளிகள் இரண்டு வந்து, எங்கள் வைப்பர் ரப்பரைப் பொறுமையாக உரித்தன. நம் ஊரில் கிளி சீட்டு எடுக்கும், இங்கே வைப்பர் எடுக்கிறது என்றாள் டீச்சர். மில்ஃபோர்டில் இறங்கியதும், "இது சவுண்டே இல்ல, ஃபியார்டு. பேர் வெச்சவன் என் கிளாஸ்ல படிக்கல" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை, மணல் ஈக்கள் மொய்த்துவிட்டன. 1773-இல் கேப்டன் குக்கே இவற்றைப் பற்றிப் புலம்பி எழுதியிருக்கிறார். இரண்டரை நூற்றாண்டில் எந்த நடவடிக்கையும் இல்லை.

ஊர் திரும்பி, கும்பகோணத்தில் அம்மாவுக்குப் படமெல்லாம் காட்டினோம். பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கை நீட்டினார். "சரி, பிரசாதம்?"

நான் விழித்தேன். டீச்சர் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். உருகிப்போன ஐஸ். அம்மா மூடியைத் திறந்து, மூன்று சொட்டு தலையில் தெளித்துக்கொண்டு, மிச்சத்தைப் பூஜை அலமாரியில் காசிச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தார். அடியில் கொஞ்சம் பாறை மாவு தங்கியிருக்கிறது.