திருவொற்றியூர்க் கணினியின் மூர்ச்சை: ஒரு காரண காரிய ஆராய்ச்சி

திருவொற்றியூர் தேரடியிலிருந்து கடலை நோக்கிப் போகும் சந்துகளில் ஒன்றில், எட்டடிக்குப் பத்தடியில் ஒரு ஜெராக்ஸ் கடை. அங்குள்ள கணினி நாளொன்றுக்கு ஐந்தாறு முறை மூர்ச்சையாகும். ரேஷன் கார்டில் பேத்தி பெயரைச் சேர்க்க வந்த பாட்டி, கப்பல் வேலைக்கு சி.டி.சி. விண்ணப்பிக்க வந்த பையன், வில்லங்கச் சான்று கேட்டு வந்த பெரியவர் என்று பேதமே பாராமல், எல்லோருடைய படிவத்தையும் கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் விழுங்கும். அறிவுலகம் இதைக் கண்டுகொள்ளாத நிலையில், அந்தப் பெஞ்சில் மூன்று வாரம் உட்கார்ந்து நான் இந்த ஆய்வைச் செய்ய நேர்ந்தது. (உட்கார்ந்தது பான் கார்டில் என் இனிஷியலைத் திருத்த. அது இன்னும் திருந்தவில்லை.)

முதலில் ஆய்வுப் பொருள். சைவ சித்தாந்தம் தத்துவம் 36, தாத்துவிகம் 60, ஆக 96 என்று கணக்குச் சொல்லும். நம் கணினிக்கு அவ்வளவு இல்லை. ஸ்கேனர், வெப் கேமரா, கைரேகைக் கருவி, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், வருவோர் போவோரின் பென் டிரைவ். இத்தனையும் ஒரே யு.எஸ்.பி. ஹப்பில் தொங்கின. ஓரமாக, ஜெராக்ஸும் பிரிண்டும் எடுக்கும் லேசர் மெஷின் ஒன்று.

முன்னோர் சான்றுகளுக்குக் குறைவில்லை. சங்கிலியாரை மணந்த சுந்தரர், உன்னைப் பிரியேன் என்று இதே ஊர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு எல்லையைத் தாண்டினார். இரு கண்ணும் இருண்டன என்கிறது பெரியபுராணம். பென் டிரைவை முறைப்படி விடைபெறாமல் பிடுங்கக் கூடாது என்ற விதிக்கு இதைவிடப் பழைய ஆதாரம் இருக்க முடியாது. பிற்காலச் சான்று சிகாகோவில் உள்ளது. 1998 ஏப்ரல் 20 அன்று, வெளிவரவிருந்த விண்டோஸ் 98-ஐ பில் கேட்ஸ் மேடையில் அறிமுகம் செய்தார். உதவியாளர் ஒரு ஸ்கேனரைச் செருகினார். ஊரே பார்க்க நீலத்திரை எழுந்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை என்று கேட்ஸ் சமாளித்தார். நம் கடைக்காரருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவர் ஏற்கெனவே காசு வாங்கிவிட்டிருப்பார்.

மூர்ச்சை மூவகைப்படும். தொங்கல், நீலம், கருமை. 'சிஸ்டம் தொங்குதுபா' என்னும் வழக்கில் எலி அசையாது, உயிர் இருக்கும். நீலத்தில் சாகிறவன் வாக்குமூலம் கொடுப்பான்; திரையில் விழும் பிழைக் குறியீட்டைப் படித்தால் டிரைவரா, ரேமா என்று துப்புக் கிடைக்கும். கருமையில் வாக்குமூலமே இல்லை. மறுபடி உயிர்த்த பின் நிகழ்வுப் பதிவேட்டைப் புரட்டினால் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு வரி இருக்கும்: போன முறை முறைப்படி அணையவில்லை, அவ்வளவே. அதைத்தான் பாட்டியும் சொன்னார். நம் கணினிக்கு வந்தது கருமை. அப்போதே நான் மின்சாரத்தைச் சந்தேகித்திருக்க வேண்டும். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் விட்டால்தானே.

காசிமேட்டு விசைப்படகுக்காரர் உப்புக் காத்து என்றார். நியாயம்தான், இந்தக் கரையில் ஜன்னல் கம்பியையே அரிக்கும் காற்று ரேமின் பல்லை விட்டுவைக்குமா? ரேமைக் கழற்றி, பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்து, ஊதி மாட்டினோம். இரண்டு நாள் தாங்கியது. துறைமுகத்தில் ஓய்வுபெற்றவர் நிலக்கரித் தூள் என்றார். உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011-இல் நின்று எண்ணூருக்குப் போனதை நினைவூட்டினேன். "மொட்டை மாடியில வெள்ளை வேட்டி காயப்போட்டுப் பாத்திருக்கியா நீ?" என்றார். கேபினெட்டைத் திறந்தோம். ஃபேன் இறக்கையில் ஒரு விரற்கடைக் கருமை.

வெல்டர் வந்தார். பெட்டியைப் புறங்கையால் தொட்டார். "சுர்ருங்குது பாரு, எர்த் இல்ல." இவர் கூற்று கனமானது. எர்த் இல்லாத பிளக்கில் மாட்டினால், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் 230 வோல்ட்டை ஏறத்தாழப் பாதியாக்கி இரும்புப் பெட்டியின் மேல் ஏற்றி வைக்கும். மின்னோட்டம் சொற்பம், கிள்ளும், கொல்லாது. எர்த் கம்பி இழுத்தோம். கிள்ளல் நின்றது. மூர்ச்சை நிற்கவில்லை.

ஆக மூவரும் சரி, ஒருவரும் சரியில்லை. கன்டெய்னர் லாரி டிரைவர் ஒருவர் முதல் நாளே லைசென்ஸ் நகல் எடுக்கும்போது "ஓவர்லோடு தலைவா" என்றிருந்தார். உலகத்தில் எதைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்வார் என்று நாங்கள் குறித்துக்கொள்ளவில்லை.

பிறகுதான் நான் ஷண்டிங் முறைக்குப் போனேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயிலை அனுப்பிய ராயபுரத்துக்கு அருகில் இருந்துகொண்டு இது தோன்றத் தாமதமானது வெட்கக்கேடு. பெட்டி பெட்டியாகக் கழற்றிப் பார்ப்பது. எனக்கு ஹார்ட் டிஸ்க் மேல் கண், யு.எஸ்.பி. 2.0 துளை ஒன்று 500 மில்லி ஆம்பியர்தான் தரும், அதை ஐந்து பேர் பங்கிட்டால் என்னாகும்? கழற்றினேன். ஸ்கேனரை, கேமராவை, கைரேகையை, கடைசியில் லேசர் மெஷினின் கேபிளையும் பிடுங்கினேன். வெறும் கணினி. அப்போது ஒரு பெண்மணி ஆதார் நகல் கேட்டார். மெஷின் முனகியது. கணினி செத்தது.

கேபிளே இல்லாமல் எப்படி? மேஜைக்கடியில் குனிந்தேன். 600 வி.ஏ. யு.பி.எஸ்.; அந்த வகை பெரும்பாலும் 360 வாட் தாங்கும். அதில் கணினி, மானிட்டர், அவற்றோடு லேசர் மெஷினின் பிளக். டோனரைத் தாளில் உருக்கி ஒட்டும் உருளை சூடேற முதல் சில நொடிகளில் இழுப்பது அதைப்போல் இரு மடங்குக்குக் குறையாது. யு.பி.எஸ். 'பீப்' என்று ஒருமுறை ஆட்சேபித்துவிட்டுக் கையை விரிக்கும். மெஷின் சூடாக இருந்தால் அடுத்த நகலுக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் கூட்டமான நேரத்தில் சாகாமல், ஓய்ந்த மத்தியானத்தில் செத்தது.

"இதை ஏண்ணா யு.பி.எஸ்.ல போட்டீங்க?"

"கரண்டு போனா ஜெராக்ஸ் பாதில நிக்கக் கூடாதுன்னுதான்பா."

பிளக்கைச் சுவருக்கு மாற்றினோம். டிரைவருக்குச் செய்தி போய், மறுநாள் ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ், பெர்மிட் எல்லாவற்றோடும் வந்து நின்றார். "நான் சொன்னதுதானே? எடு நகலு." கடைக்காரர் நான்கு பக்கம் இலவசமாக எடுத்துக் கொடுத்தார். ஐந்தாவது பக்கத்துக்குக் கை நீட்டினார்.