முன்பாரம், பின்பாரம்

ஆஸ்டினில் என்னை முதன்முதலில் படகுக்கு அழைத்தவர் "வர்றியா?" என்று கேட்கவில்லை. "ஒன் எடை என்ன தம்பி?" என்றுதான் கேட்டார். 2006, மே மாதம். டெக்சஸுக்கு வந்து எனக்கு ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. கேட்டவர் அலுவலகத்தில் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த தூத்துக்குடிக்காரர். எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. 58 கிலோ என்றேன். மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டுக்கொண்ட பெண்வீட்டார் போல ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார்.

"சரி, வா. பம்பையாவது பிடிச்சுக்கிடுவே."

படகு அவருக்கு நாலாவது கை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செய்தது, நீர்ச்சறுக்குக்காரர்களுக்கான படகு. நடுவில் எஞ்சின் பெட்டி, அதைச் சுற்றிக் கிழிந்த இருக்கைகள். நீர்ச்சறுக்கு வீரருக்கு வேண்டியது பாய் விரித்தது போன்ற தண்ணீர். ஆகவே பின்னால் அலையே எழும்பாதபடி அடிப்பாகத்தை இழைத்து இழைத்துச் செய்திருந்தார்கள். அப்படிப்பட்ட படகை வாங்கி, அதில் கண்டதையெல்லாம் ஏற்றி, இடுப்பளவு அலை கிளப்பப் பார்த்தோம். சைவ ஓட்டலில் போய் மீன் குழம்பு கேட்பது போலத்தான்.

வேக் சர்ஃபிங் என்பது கடல் இல்லாத ஊர்க்காரர்கள் கண்டுகொண்ட கடல். கயிற்றைப் பிடித்துப் பலகையில் எழ வேண்டும். படகின் அலையே பலகையைத் தள்ளத் தொடங்கியதும் கயிற்றைப் படகுக்குள் எறிந்துவிட வேண்டும். அதன்பிறகு மணிக்கு 10, 11 மைல் வேகத்தில் படகு போய்க்கொண்டிருக்கும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு அடி பின்னால், எதையும் பிடிக்காமல் ஓர் ஆள் வந்துகொண்டிருப்பார். அவ்வளவு நெருக்கத்தில் ஆள் வருவதால், சுழலி படகுக்கு அடியில் ஒளிந்திருக்கும் வகைப் படகுதான் இதற்கு ஆகும். பின்னால் எஞ்சின் தொங்கும் படகில் செய்கிறவர்களை அண்ணாச்சி மனிதர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அலை எங்கிருந்து வருகிறது? படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு, ஒரு பள்ளம் பறித்தபடியே போகிறது. பள்ளத்தை மூட இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஓடிவருகிறது. அந்த அவசரம்தான் அலை. படகு கனத்தால் பள்ளம் ஆழம். பள்ளம் ஆழமானால் அலை உயரம். இவ்வளவுதான் தத்துவம். மிச்சமெல்லாம் கூலி வேலை.

அந்தக் கூலி வேலையைச் சொல்கிறேன். 750 பவுண்டுப் பை என்று ஒன்று உண்டு. முரட்டு வினைலில் செய்த தலையணை. நிரப்பினால் 340 லிட்டர் தண்ணீர், 340 கிலோ. இரண்டு பெரியதும் ஒரு சின்னதும் அண்ணாச்சி வைத்திருந்தார். ஏரியில் இறங்கியதும் கையில் பிடிக்கும் பம்பைக் குழாயோடு பக்கவாட்டில் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, வயரைப் படகின் பேட்டரியில் கொடுக்க வேண்டும். பம்பின் மேல் மணிக்கு 1,200 கேலன் என்று அச்சடித்திருக்கும். அந்தக் கணக்குப்படி ஒரு பை நாலரை நிமிடத்தில் நிறைய வேண்டும். குழாய் மடங்கி, ஏரிப் பாசி அடைத்து, என் கை வலித்து, பத்து நிமிடத்துக்குக் குறைந்து எந்தப் பையும் நிறைந்ததில்லை. மூன்று பை, அரை மணி. சாயங்காலம் அத்தனையையும் வெளியேற்ற இன்னொரு அரை மணி. ஒருநாள் எஞ்சினை அணைத்துவிட்டு மூன்று பையையும் நிரப்பி முடித்தோம். பிறகு எஞ்சினைக் கிளப்ப பேட்டரியில் உயிர் இல்லை. அத்தனை தண்ணீரோடு ஏரி நடுவில் மிதந்துகொண்டு, போகிற வருகிற படகுக்கெல்லாம் கை காட்டினோம். எல்லோரும் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போனார்கள். அமெரிக்கர்கள் மரியாதை தெரிந்தவர்கள்.

பை முக்கால்வாசிதான் நிறைந்திருந்தால் இன்னும் ஆபத்து. படகு லேசாகச் சாய்ந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடும். ஓடினால் இன்னும் சாயும். நிறைகுடம் தளும்பாது என்று எங்கள் தமிழ் வாத்தியார் அடக்கத்துக்கு உதாரணம் சொல்லிக்கொண்டிருந்தார். அது படகுக்காரன் உயிருக்குப் பயந்து சொன்னதாக இருக்கும் என்று எனக்கு எங்கள் படகு ஓடிய டிராவிஸ் ஏரியில்தான் தோன்றியது.

பை போதாமல் மணல் வாங்கினோம். குழந்தைகள் விளையாடும் மணல், 50 பவுண்டு மூட்டை. பத்து மூட்டையைக் குப்பைப் பையில் சுற்றி இருக்கைக்கு அடியில் அடுக்கினோம். மூன்றாம் வாரம் பை கிழிந்து, மணல் அடித்தளத்துக்கு இறங்கி, கசிவுநீரை வெளியேற்றும் பம்பின் வாயை அடைத்தது. ஈயத்துக்கு மாறலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஈயம் தண்ணீரைப்போல் பதினோரு மடங்கு கனம், இடம் அடைக்காது. ஆனால் படகு மூழ்க நேர்ந்தால் தண்ணீர்ப் பை தண்ணீரோடு தண்ணீராகிவிடும். ஈயம் படகைக் கையோடு கூட்டிக்கொண்டு கீழே போகும். அண்ணாச்சியின் மனைவி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஈயம் வரவில்லை.

ஆகவே மனிதர்கள். அண்ணாச்சி ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். அதில் பெயர், எடை, உட்கார வேண்டிய இடம். ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "என்ன இப்படி எளைச்சுட்டே?" என்று விசாரிப்பார்கள், அது உபசாரம். இங்கே அதே கேள்வி நிஜமான கவலையோடு வந்தது. டல்லஸிலிருந்து வந்த அவருடைய மைத்துனர் 112 கிலோ. அவருக்குப் பின்பக்க இடது மூலை, கையில் குளிர்ந்த சோடா, மடியில் முறுக்கு டப்பா. நான் அவருக்கு எதிரே பம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மைத்துனர் எழுந்து கூலரைத் திறக்கப் போனால் பின்னால் சர்ஃப் செய்கிறவர் விழுந்துவிடுவார். "மாப்ளே, அசையாதீரும்!" என்று சத்தம் போடுவதே படகில் அண்ணாச்சிக்குப் பாதி வேலை.

இடது மூலை ஏன் என்றால், அண்ணாச்சிக்கு இடது கால் முன்னால். அப்படி நிற்பவருக்கு இடப்பக்க அலைதான் முகத்துக்கு நேராக இருக்கும். அந்தக் காலத்தில் அலையைச் சுத்தமாக எழுப்ப ஒரே வழி, படகையே அந்தப் பக்கம் சாய்த்து ஓட்டுவது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் இருக்கும். வலது காலை முன்வைக்கிறவர் வந்தால் 340 கிலோப் பையை இடமிருந்து வலம் மாற்ற வேண்டும். மைத்துனரையும் மாற்ற வேண்டும். யார் மாற்றுவது? நம் வீட்டுக்கு வருகிற மருமகள் வலது காலை எடுத்துவைத்து வர வேண்டும். அண்ணாச்சியின் படகில் வலது கால்காரருக்கு அழைப்பே கிடையாது.

இத்தனை செய்தும் அலை ஒரு கோடை முழுக்கச் சண்டித்தனம் செய்தது. உயரம் இருந்தது, நீளம் இல்லை. படகின் பின்மேடையை ஒட்டி ஒரு குட்டிச்சுவர் போல நிற்கும். அதில் ஏறினால் மேடையில் முட்ட வேண்டும், இறங்கினால் விழ வேண்டும். அண்ணாச்சி ஒவ்வொரு வாரமும் பின் மூலையில் இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். படகின் மூக்கு வானத்தைப் பார்க்க, ஓட்டுகிறவருக்கு முன்னால் இருப்பது தெரியாது.

எங்கள் தாத்தா மன்னார்குடிப் பக்கத்தில் வண்டி வைத்திருந்தவர். நெல் மூட்டையை மில்லுக்கு ஏற்றும்போது கடைசி இரண்டு மூட்டைக்காக அரை மணி நேரம் யோசிப்பார். முன்பாரம் ஆனால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் உட்காரும். பின்பாரம் ஆனால் நுகத்தடி தூக்கி, மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்து, ஒரு மூட்டையைச் சாண் அளவு முன்னே தள்ளுவார். சில நாள் மூட்டைக்குப் பதில் என்னைத் தூக்கி முன்னால் உட்கார வைப்பார்.

"அண்ணாச்சி, வண்டி பின்பாரமா இருக்கு" என்றேன். மாட்டு வண்டியைப் பார்த்தே வளராத தூத்துக்குடி டவுன்காரருக்குப் புரியவில்லை. "ஏல, இது என்ன வைக்கோல் வண்டியா?" என்றார். அடுத்த சனிக்கிழமை, வேறு வழி இல்லாமல், சின்னப் பையை மூக்குப் பக்கம் கொண்டுபோய் நிரப்பினோம். அலை நான்கடி பின்னுக்கு நீண்டது. உயரத்தில் ஒரு கையளவு குறைந்தது. ஆனால் நிற்க இடம் இருந்தது. பின்பாரம் உயரத்துக்கு, முன்பாரம் நீளத்துக்கு. இந்த ஒரு வரியை இந்த ஊரில் வைத்தே எத்தனையோ பேர் எத்தனையோ வார இறுதிகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நோட்டில் அன்றைக்கு என் பெயருக்கு எதிரே இருந்த 58ஐ அடித்துவிட்டு "மூக்குக் கணக்கு" என்று எழுதினார்.

முன்பாரத்துக்கும் ஒரு விலை உண்டு. விழுந்தவரைத் தூக்க அவசரமாகத் திரும்பினால், படகு தன் அலைக்குள்ளேயே மூக்கை விடும். ஒருமுறை விட்டது. முழங்கால் அளவு தண்ணீர் மூக்கு வழியாக உள்ளே வந்து, முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனது. அதுவரை பொறுமையாக உட்கார்ந்திருந்த மைத்துனர் அதன்பின் டல்லஸிலிருந்து வருவதைக் குறைத்துக்கொண்டார்.

இது அன்று.

போன கோடையில் அண்ணாச்சி புதுப் படகு வாங்கினார். 24 அடி. விலையை அவர் சொல்லவில்லை. அவர் மனைவி சொன்னார். ஊரில் அந்தப் பணத்துக்கு வீடே கட்டலாம். எஞ்சின் பின்னால் போய்விட்டது, அதுவே ஒரு பின்பாரம். தரைக்கு அடியில் தொட்டிகள். எல்லாம் நிறைந்தால் 1,300 கிலோ. யாரும் எதையும் பிடிக்க வேண்டாம். ஓட்டுநருக்கு முன்னால் உள்ள திரையில் பிள்ளைகளின் பெயர் இருக்கிறது. மகளின் பெயரைத் தொட்டால் எந்தத் தொட்டியில் எவ்வளவு, எந்தப் பக்கம், எத்தனை மைல் வேகம் எல்லாம் தானாக அமைகிறது. சாய்க்க வேண்டிய அவசியமும் போயிற்று. 2013 மாடல்களில் மாலிபு, நாட்டிக் நிறுவனங்கள் கொண்டுவந்த உத்தி அது: பின்பக்க ஓரத்தில் ஒரு தகடு நீண்டு, ஒரு பக்கத்துத் தண்ணீர் பள்ளத்துக்குள் ஓடிவருவதைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது, அலை மறுபக்கம் சுத்தமாக எழும்புகிறது. பக்கம் மாற்ற ஒரு பொத்தான், சில நொடி. வலது கால், இடது கால் பேதமெல்லாம் ஒழிந்தது. சமூக நீதி ஏரியில் இப்படித்தான் வந்தது.

வந்ததோடு வேறொன்றும் வந்தது. வரிச்சிப்பி. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சரக்குக் கப்பல்கள் நிலை சாயாதிருக்க அடியில் ஏற்றிவந்த தண்ணீரில் அமெரிக்கப் பேரேரிகளுக்குள் நுழைந்து, 1988இல் கண்டுபிடிக்கப்பட்டது. 2017இல் டிராவிஸ் ஏரிக்கும் வந்துவிட்டது. எங்கள் பழைய பைகளைத் துணி பிழிவதுபோல் பிழிந்து வெயிலில் காயப்போட முடிந்தது. இந்தத் தொட்டிகளைக் காலி செய்தாலும் மூலையில் நாலைந்து லிட்டர் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத சிப்பிக்குஞ்சுக்கு அது கப்பல் பயணம். ஏரியை விட்டுக் கிளம்பும்போது தண்ணீரையெல்லாம் வெளியேற்ற வேண்டும் என்று டெக்சஸில் சட்டம் இருக்கிறது. வெர்மான்ட் மாநிலம் 2024இல் இன்னும் கடுமை: கரையிலிருந்து 500 அடி, ஆழம் 20 அடி இருந்தால்தான் இந்த விளையாட்டு. கரையோர வீட்டுக்காரர்களின் படித்துறையை அலை அரிக்கிறது என்பது புகார். நியாயம்தான். நாங்கள் 2006இல் யாருடைய படித்துறையையும் அரிக்கவில்லை, அரிக்க ஆசை மட்டும் இருந்தது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை என்னையும் கூப்பிட்டார். எடை கேட்கவில்லை. இப்போது நான் 94 கிலோ. 36 கிலோ ஏற்ற எனக்கு ஏறக்குறைய இருபது ஆண்டு ஆயிற்று, பம்பு இல்லாமல். படகில் ஏறி, பழைய நினைப்பில், எங்கே உட்கார என்று கேட்டேன்.

"எங்க வேணும்னாலும் உக்காரு தம்பி. ஒண்ணும் வித்தியாசம் இல்ல."

ஓட்டுநருக்குப் பக்கத்தில், நிழலில் உட்கார்ந்தேன். பதினாறு வயதாகும் அவர் மகள் தண்ணீரில் குதித்தாள். திரையில் எல்லாத் தொட்டியும் நூறு சதம். எழுந்தாள், கயிற்றை எறிந்தாள், விழுந்தாள். மறுபடியும் அதே. அலை தொளதொளவென்று இருந்தது. அண்ணாச்சி திரையைத் தட்டினார், அணைத்துப் போட்டார். தொட்டி எவ்வளவு நிறைந்தது என்பதை அந்தத் திரை அளந்து சொல்வதில்லை. பம்பு எத்தனை நிமிடம் ஓடியது என்பதை வைத்து யூகித்துச் சொல்கிறது. பின் இடது தொட்டியின் பம்பு, குழாயில் காற்றுப் புகுந்து, ஏழு நிமிடமாக வெறுங்காற்றைச் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. திரைக்கு அது நூறு சதம்.

அண்ணாச்சி எஞ்சினை மெதுவாக்கினார். பின் இடது மூலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை, நிதானமாக. பழைய நோட்டுப் பார்வை.

முறுக்கு இல்லை, யாரோ கொண்டுவந்த உப்பில்லாத பாதாம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தேன். படகு வேகம் பிடித்தது. பின்னால் அவள் எழுந்து, கயிற்றை விட்டு, முழங்காலை மடக்கிச் சமாளித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"அங்கிள், இன்னும் கொஞ்சம் பின்னாடி!"